சிறைக்குள் இருந்தபடியே வென்றவர்: மேத்யூ லயனை வெர்மான்ட் விவசாயிகள் கைவிடாதது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடியரசின் தொடக்க ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே சக உறுப்பினரின் முகத்தில் எச்சில் துப்பியவர் மேத்யூ லயன். அதே ஆண்டில் அதிபரைப் பழித்து எழுதியதற்காகச் சிறைக்கும் போனார். அப்படிப்பட்டவரை ஒரு கிராமப்புறத் தொகுதி மீண்டும் தேர்ந்தெடுத்தது எப்படி? அவர் வெறும் முரடர்தானா?

முரடர் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், மலைநாட்டு விவசாயிகள் அவருக்கு ஏன் வாக்களித்தார்கள் என்பது கடைசிவரை புரியாது. அவர்கள் அவரைச் செய்தித்தாளில் படித்து அறிந்தவர்கள் அல்லர். அவருடைய ஆலையில் மாவு அரைத்தவர்கள், அவருடைய பட்டறை இரும்பில் செய்த கருவிகளைப் பிடித்து வேலை செய்தவர்கள், ஊர்க்கூட்டத்தில் அவரோடு வாதாடியவர்கள். ஆகவே பதிலை அப்போதைய தலைநகரான ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தொடங்காமல் அவர் புறப்பட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் பிறந்தவர் லயன். பதினைந்து வயதளவில், 1760-களின் நடுப்பகுதியில், கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் அமெரிக்காவுக்கு வந்தார். அக்காலத்தில் ஏழைகள் கடல் கடக்க இருந்த ஏற்பாடு இதுதான்: கப்பல் தலைவர் கட்டணமின்றி ஏற்றிக்கொள்வார், கரை சேர்ந்ததும் அந்தக் கடனைக் கட்டி எடுத்துக்கொள்ளும் எசமானருக்குப் பயணி சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்க வேண்டும். லயனை அப்படி எடுத்துக்கொண்டவர் கனெக்டிகட்டின் உட்பரி ஊர் வணிகர் ஜெபஸ் பேக்கன். சிறிது காலத்தில் அவர், மீதமிருந்த உழைப்புக் காலத்தை லிட்ச்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த ஒருவருக்குக் கைமாற்றினார். விலை ஒரு ஜோடிக் காளைகள். காளைகளின் மதிப்பு பன்னிரண்டு பவுண்டு.

தன் இளமையின் சில ஆண்டுகள் ஒரு ஜோடிக் காளைக்கு ஈடாயின என்பதை வேறொருவராக இருந்தால் மறைத்திருப்பார். லயன் அதைத் தம் ஆணைச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார். "என்னை மீட்ட காளைகள் மேல் ஆணை" என்று ஊரறியச் சொல்வது அவர் வழக்கம். அவருடைய அரசியல் முழுவதற்கும் இந்த ஒரு தொடரே திறவுகோல் என்பது என் கருத்து. பிற்காலத்தில் சபையில் அவருடைய பிறப்பைச் சொல்லிக் கேலி செய்த கனவான்களுக்கு ஒன்று புரியவில்லை: அந்தக் கேலி எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த வெர்மான்ட் வாக்காளர் பலரும் அதே போன்ற பிறப்பினர்தாம்.

கடன் தீர்ந்து விடுபட்ட பிறகு, ஈதன் ஆலனின் உறவுக்காரப் பெண்ணை மணந்து, 1774-இல் லயன் வடக்கே வாலிங்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். இன்றைய வெர்மான்ட் அப்போது நியூ ஹாம்ப்ஷயர் மானிய நிலம் என்று அழைக்கப்பட்டது. அந்நிலத்தை நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் பட்டா போட்டு விற்றிருந்தார். நியூயார்க்கோ அந்தப் பட்டாக்கள் செல்லாது என்றது. காட்டை வெட்டிக் கல் பொறுக்கி உழவு செய்த குடிகளை வெளியேற்ற நியூயார்க் அதிகாரிகள் வந்தபோது, ஈதன் ஆலனின் தலைமையில் பச்சைமலை இளைஞர்கள் என்ற படை அவர்களை விரட்டியது. காகிதம் ஒருவன் கையில், உழுத நிலம் இன்னொருவன் கையில் என்ற அந்த வழக்கில்தான் வெர்மான்ட் மக்களின் அரசியல் உணர்வு உருவாயிற்று. தொலைவிலுள்ள அதிகாரம், நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் கையில் வைத்துக்கொண்டு, பாடுபட்டவனைப் பறிக்க வரும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1777-இல் அவர்கள் தனிக் குடியரசாகத் தங்களை அறிவித்துக்கொண்டு அரசமைப்பு ஒன்றை எழுதினார்கள். வாக்களிக்கச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நன்னடத்தையுள்ள வயது வந்த ஆண், குடிமகன் உறுதிமொழி எடுத்தால் போதும். வயது வந்தோரை அடிமையாக வைத்திருப்பதையும் அது தடை செய்தது. சட்டமன்றம் ஒரே அவை. ஊருக்கு ஊர் பிரதிநிதி. பெரும்பாலும் உழவர்களே உறுப்பினர்களாக இருந்த அந்த அவை, நிலையான தலைநகர் இன்றி ஊர் ஊராகக் கூடியது. 1791-இல் பதினான்காவது மாநிலமாக ஒன்றியத்தில் சேரும்வரை வெர்மான்ட் தன்னைத் தானே ஆண்டது.

இந்த அவையில் லயன் 1779-இல் நுழைந்தார். முதலில் ஆர்லிங்டன் ஊருக்காகவும், பிறகு தாமே நிறுவிய ஃபேர் ஹேவன் ஊருக்காகவும் பல ஆண்டுகள் இருந்தார். இங்கே அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. போரில் பிரிட்டன் பக்கம் நின்றவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்த நீதிமன்றத்துக்கு அவர் எழுத்தராக இருந்தார். அதன் ஆவணங்களை ஒப்படைக்கச் சொன்னபோது மறுத்ததற்காக 1785-இல் சட்டமன்றமே அவர் மீது கண்டனக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. முதல் மனைவி இறந்த பின் ஆளுநர் தாமஸ் சிட்டென்டனின் மகளை மணந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதிகாரத்தின் நெருங்கிய வட்டத்தில் இருந்து அவர் பலனடைந்தார் என்று எதிரிகள் சொன்னதில் பொருளில்லாமல் இல்லை.

ஆனால் பலனடைந்தவர் அதைக் கொண்டு என்ன செய்தார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஃபேர் ஹேவனில் அருவி விழும் இடத்தில் மாவாலை, மர அறுவை ஆலை, இரும்புப் பட்டறை, காகித ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினார். கந்தைத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பாஸ்வுட் மரத்தின் பட்டையைக் கலந்து காகிதம் செய்து பார்த்தார். 1793-இல் அச்சகம் நிறுவி 'உழவர் நூலகம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு வாரச் செய்தித்தாளைத் தொடங்கினார். மரத்திலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து செய்தித்தாள், செய்தித்தாளிலிருந்து வாக்கு என்று, எல்லாமே ஓர் ஓடையின் கரையில் நடந்தது. நாட்டுப்புற அரசியல்வாதி ஒருவர் நகரத்து அச்சகங்களை எதிர்பார்க்காமல் தம் குரலைத் தாமே அச்சடித்துக்கொண்டது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று. சட்டம் படித்த நத்தானியேல் சிப்மன் போன்றோரின் பகையையும் அதே அச்சகம்தான் வளர்த்தது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போக 1791 முதல் முயன்று தோற்று, கடைசியில் மேற்கு வெர்மான்ட் தொகுதியில் வென்று 1797-இல் ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சடங்கு இருந்தது. அதிபரின் உரைக்குச் சபை பதிலுரை ஒன்றை நிறைவேற்றும். பிறகு உறுப்பினர்கள் ஊர்வலமாக அதிபர் மாளிகைக்குச் சென்று அதை அளிப்பார்கள். இது அரசரைத் தொழும் வழக்கத்தின் மிச்சம், ஆகவே தமக்கு விலக்கு வேண்டும் என்று லயன் எழுந்து கேட்டார். ஆளும் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஊர்க்கூட்டத்தில் ஆளுநரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவருக்கு அந்த ஊர்வலம் உண்மையிலேயே விளங்கவில்லை. வேடிக்கை காட்டுவதற்காக அவர் அப்படிக் கேட்டதாக நான் நினைக்கவில்லை.

1798 ஜனவரி 30 அன்று நடந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சபை ஒரு வாக்கெடுப்புக்கு இடையே தளர்ந்திருந்த நேரம். கனெக்டிகட் உறுப்பினர்கள் தங்கள் மக்களின் கருத்துக்கு மாறாக நடக்கிறார்கள், ஆறு மாதம் அங்கே போய்ச் செய்தித்தாள் நடத்தினால் அந்த மக்களைத் திருப்பிவிட முடியும் என்று சபைத் தலைவரிடம் லயன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். கனெக்டிகட்டின் ரோஜர் கிரிஸ்வோல்ட் அருகில் வந்து, போகும்போது மரவாளை அணிந்துகொண்டா போவீர்கள் என்று கேட்டார். சுதந்திரப் போரின்போது, 1776-இல், காவலிடத்தை விட்டு வீரர்கள் திரும்பிய ஒரு நிகழ்வில் லயன் பதவி பறிக்கப்பட்டார். கோழைக்கு அடையாளமாக அவருக்கு மரவாள் தரப்பட்டது என்று எதிரிகள் சொல்லிவந்தார்கள். பின்னர் மீண்டும் படையில் ஏற்கப்பட்டு அவர் பணிபுரிந்ததை அவர்கள் சொல்வதில்லை. முதல் முறை லயன் கவனிக்காதது போல் இருந்தார். கிரிஸ்வோல்ட் தோளில் கைவைத்து மறுபடியும் சொன்னார். லயன் திரும்பி முகத்தில் துப்பினார்.

அது இழிந்த செயல். நியாயப்படுத்த நான் முயலவில்லை. சபை அமர்வில் இருந்ததாகத் தாம் கருதவில்லை என்று அவரே மன்னிப்புக் கோரி எழுதினார். அவரை வெளியேற்றும் தீர்மானத்துக்கு 52 பேர் ஆதரவாகவும் 44 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தீர்மானம் தோற்றது. தீர்ப்பில் நிறைவடையாத கிரிஸ்வோல்ட், பிப்ரவரி 15 அன்று, இருக்கையில் அமர்ந்திருந்த லயனைத் தடித்த கைத்தடியால் தாக்கினார். லயன் தடுமாறி எழுந்து கணப்படுப்பை நோக்கி ஓடி, நெருப்புக் குறடை எடுத்துத் திருப்பித் தாக்கினார். இருவரும் தரையில் உருண்டபோது மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். இருவரையும் வெளியேற்றும் தீர்மானமும் தோற்றது. அன்றைய கேலிச்சித்திரம் ஒன்று இந்தக் காட்சியை நிலைநிறுத்திவிட்டது. லயனின் முழு வாழ்வையும் அந்த ஒரு படம் மூடிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

அவருடைய உண்மையான சோதனை அந்தக் கோடையில் வந்தது. பிரான்சோடு போர் மூளும் என்ற அச்சத்தில் காங்கிரஸ் அரசநிந்தனைச் சட்டத்தை நிறைவேற்ற, அதிபர் ஜான் ஆடம்ஸ் 1798 ஜூலை 14 அன்று கையெழுத்திட்டார். அரசையோ காங்கிரசையோ அதிபரையோ இகழும் நோக்கில் பொய்யாக எழுதினால் இரண்டு ஆண்டுவரை சிறை, 2,000 டாலர்வரை அபராதம். துணை அதிபர் பதவி இந்தப் பட்டியலில் இல்லை. அப்பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சியின் தாமஸ் ஜெஃபர்சன். ஒரு சட்டத்தின் நோக்கத்தை அதன் விடுபடல்களிலிருந்தே படித்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சட்டம் வருமுன்பே, ஜூன் மாதத்தில், லயன் வெர்மான்ட் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நிர்வாகம் பொதுநலனை மறந்து, அடங்காத ஆடம்பர வேட்கையிலும் மூடத்தனமான முகத்துதியிலும் தன்னலப் பேராசையிலும் மூழ்குவதைக் கண்டால் தாம் அதை ஆதரிக்க முடியாது என்பது அதன் சாரம். அது அச்சில் வந்தது ஜூலை இறுதியில், அதாவது சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு. அக்டோபரில் ரட்லண்ட் ஊரில் வழக்கு நடந்தது. அமர்ந்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பேட்டர்சன். லயன் பெரும்பாலும் தாமே வாதாடினார். சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்ற வாதத்தை ஜூரிகள் கருதக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். எழுதியது உண்மை என்று காட்ட, லயன் நீதிபதியையே கேட்டார்: நீங்கள் அதிபரோடு விருந்துண்டதில்லையா, அங்கே ஆடம்பரத்தைக் கண்டதில்லையா? அரிதாக உண்டதுண்டு, ஆடம்பரம் கண்டதில்லை, எளிமையையே கண்டேன் என்றார் பேட்டர்சன். இந்த ரட்லண்ட் விடுதியில் காண்பதைவிட அதிகமான பகட்டையும் பணியாளரையும் அங்கே காணவில்லையா என்று லயன் தொடர்ந்தார். அதற்குப் பதில் வரவில்லை என்பது லயனே எழுதிய குறிப்பு.

தீர்ப்பு: நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம், வழக்குச் செலவு 60 டாலர் 96 சென்ட். அரசநிந்தனைச் சட்டத்தின்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர், பதவியில் இருந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினர்.

ரட்லண்டிலேயே சிறை இருந்தும், அவரை வடக்கே வெர்ஜென்ஸ் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறையை அவரே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். சுமார் 16 அடி நீளம், 12 அடி அகலம். குதிரைத் திருடர், கள்ளநோட்டு அடிப்பவர், ஓடிப்போன அடிமைகள் போன்றோரை அடைத்து வைக்கும் பொது அறை. ஒரு மூலையில் கழிவிடம். அதன் நாற்றம் ஆகஸ்ட் மாத ஃபிலடெல்ஃபியாத் துறைமுகத்துக்கு ஈடானது என்கிறார். கதவில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு அரைவட்டத் துளை. வெளிச்சத்துக்கு இரும்புக் கம்பி போட்ட சிறு திறப்பு. அதில் கண்ணாடி இல்லை. அக்டோபரின் குளிரில் கணப்பு கிடையாது. மேலங்கியோடு அறைக்குள் நடந்து நடந்துதான் உடம்பைச் சூடாக்கிக்கொண்டார். பிறகு கண்ணாடியும் அடுப்பும் வந்தன, அவருடைய செலவில். சிறையை இடித்து அவரை மீட்கிறோம் என்று கிளம்பிய ஆதரவாளர்களை, வேண்டாம், வாக்குச்சீட்டால் செய்யுங்கள் என்று அவரே தடுத்தார். முன்கோபத்துக்குப் பெயர்போன மனிதர் அந்த நேரத்தில் காட்டிய நிதானத்தை அவரைப் பற்றிய கேலிக்கதைகள் ஏனோ சேர்த்துக்கொள்வதில்லை.

இனி, தேர்தல். செப்டம்பர் வாக்கெடுப்பில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. வெர்மான்ட் சட்டப்படி மறுவாக்கெடுப்பு வேண்டும். அது டிசம்பரில், லயன் சிறையில் இருக்கும்போது நடந்தது. முடிவு: லயன் 4,576, அவருக்கு அடுத்து வந்தவர் 2,444. இந்த எண்களை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டிசம்பர் வெர்மான்ட்டில் வாக்களிப்பதென்றால் பனியில் பல மைல் நடந்தோ, பனிச்சறுக்கு வண்டி பூட்டியோ ஊர்க்கூட்டத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றம் குற்றவாளி என்றவரை, அவர்கள் அறிந்தே, கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு ஜூரிகள் சொன்னதற்கு அந்தத் தொகுதியே எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாகவே இதை நான் படிக்கிறேன். நியூயார்க் நீதிமன்றங்கள் தங்கள் பட்டாவைச் செல்லாது என்ற காலத்தை மறக்காதவர்களுக்கு, இன்னொரு நீதிமன்றம் தங்கள் பிரதிநிதியைச் செல்லாதவர் என்றது புதிதாகத் தோன்றியிருக்காது.

ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட கருணை மனு அதிபரிடம் போனது. லயன் தாமே வருந்திக் கையெழுத்திடவில்லை என்று ஆடம்ஸ் மறுத்துவிட்டார். அபராதம் கட்டாமல் வெளிவர முடியாது என்பதால் வெர்மான்ட்டிலும் வர்ஜீனியாவிலும் பணம் திரண்டது. வர்ஜீனியாவின் செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் இதில் முன்னின்றார். அபராதத்துக்காக நடந்த பரிசுச்சீட்டு பற்றிய விளம்பரத்தைத் தம் பத்திரிகையில் வெளியிட்ட பென்னிங்டன் அச்சர் அந்தோணி ஹாஸ்வெல், அது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக இரண்டு மாதம் சிறை சென்றார். 1799 பிப்ரவரி 9 அன்று சிறைக்கதவு திறந்ததும், தாம் காங்கிரசுக்குப் போகும் வழியில் இருப்பதாக லயன் உரக்க அறிவித்தார். அதற்குக் காரணம் உண்டு: அவையை நோக்கிப் பயணம் செய்யும் உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்ற அரசமைப்புப் பாதுகாப்பு, மறுபடியும் பிடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள் என்ற அச்சம். பனிச்சறுக்கு வண்டிகளின் நீண்ட ஊர்வலம் அவரைத் தெற்கே அழைத்துச் சென்றது. ஃபிலடெல்ஃபியாவில் அவரை வெளியேற்ற மறுபடியும் முயன்றார்கள், 49-க்கு 45, இந்த முறையும் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை.

அந்த ஒரு இருக்கையின் மதிப்பு 1801 பிப்ரவரியில் தெரிந்தது. ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமித்த தேர்வர்களிடம் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றதால், அதிபரைச் சபை தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பதினாறு மாநிலங்களில் ஒன்பது வேண்டும். ஜெஃபர்சனுக்கு எட்டே இருந்தன. வெர்மான்ட்டின் இரு உறுப்பினரில் லயன் ஜெஃபர்சன் பக்கம், லூயிஸ் மோரிஸ் எதிர்ப்பக்கம். ஆகவே 35 சுற்றுகளிலும் அம்மாநிலத்தின் வாக்கு பயனற்றுப் போனது. பிப்ரவரி 17 அன்று, முப்பத்தாறாம் சுற்றில், மோரிஸ் ஒதுங்கிக்கொண்டார். வெர்மான்ட்டின் வாக்கை லயன் தனியாக ஜெஃபர்சனுக்கு அளித்தார். அதே சுற்றில் மேரிலாந்தும் வந்து சேர, ஜெஃபர்சன் பத்து மாநிலங்களோடு அதிபரானார். பின்னணியில் பேச்சுவார்த்தைகள் பல நடந்தன. முடிவைத் தனியொருவர் தந்தார் என்று சொல்வது மிகை. ஆனால் வெர்ஜென்ஸ் சிறையில் இருந்தவரை டிசம்பர் பனியில் போய்த் தேர்ந்தெடுக்காமல் இருந்திருந்தால், அந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து வேறு பக்கம் வாக்களித்திருக்கலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1801-இல் குடும்பத்தோடும் உறவினர்களோடும் கென்டக்கிக்குப் போய், கம்பர்லாந்து ஆற்றங்கரையில் எடிவில் ஊரில் குடியேறினார். அடுத்த ஆண்டே அங்கே சட்டமன்ற உறுப்பினர். 1803 முதல் 1811 வரை கென்டக்கியின் காங்கிரஸ் உறுப்பினர். பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் படகுகள் கட்டிக் கடனாளியானார். முதுமையில், 1820-இல், அதிபர் மன்றோ அவரை அர்கன்சா பகுதியில் செரோக்கி மக்களுடனான அரசு வணிக நிலையத்துக்கு அதிகாரியாக அனுப்பினார். எழுபதைக் கடந்தும் காங்கிரசில் அப்பகுதியின் பிரதிநிதியாகப் போட்டியிட்டுத் தோற்றார். ஓயவில்லை, தோல் சரக்கேற்றிய படகோடு நியூ ஆர்லியன்சுவரை ஆற்றில் போய் வந்தார். 1822 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பாட்ரா பிளஃப் என்ற அந்த நிலையத்திலேயே இறந்தார். 1833-இல் அவர் உடலை எடிவிலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மகன் சிட்டென்டன் லயன் அப்போது அதே மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர்.

அபராதக் கணக்கு மட்டும் மூடப்படாமல் இருந்தது. லயன் தம் வாழ்நாளிலேயே அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். காங்கிரஸ் தள்ளிப் போட்டது. கடைசியில் 1840 ஜூலை 4 அன்று, அந்தத் தண்டனைக்கு அடிப்படையாக இருந்த சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்ற அடிப்படையில், 1,060 டாலர் 96 சென்ட்டையும், அவர் விடுதலையான 1799 பிப்ரவரி முதலான வட்டியையும் வாரிசுகளுக்குக் கொடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரிகைச் சுதந்திரம் குறித்து 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பொன்று, அரசநிந்தனைச் சட்டத்தை வரலாறே நிராகரித்துவிட்டது என்பதற்கு இந்தத் தொகை திருப்பித் தரப்பட்டதையும் சான்றாகக் காட்டுகிறது. ரட்லண்டில் ஜூரிகள் காதில் வாங்கக்கூடாது என்று விலக்கப்பட்ட வாதமும், சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்ற அதே வாதம்தான்.